மருந்து காட்டிய மரபணு



முன்வரிசைகளில் மருத்துவ மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசைகளில் நோயாளிகளின் பெற்றோர், அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். இந்த உரை முக்கியமாகப் பின்வரிசைக்குத்தான். மாணவர்கள் உடனிருந்து கேட்டுக்கொள்ளட்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிற ஒரு விஷயத்துக்குப் பின்னால் எத்தனை அலைச்சல் இருந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்று மருத்துவர் சொன்னதும் முதலில் வரும் கேள்வி: "டாக்டர், இது பரம்பரையா வர்றதா?" அதற்குப் பதில் வருவதற்குள் அடுத்ததும் வந்துவிடும்: "இவன் தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்..." அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. 'ஆமாம்' என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் தவறு. 'இல்லை' என்றாலும் தவறு. சரியான பதிலைச் சொல்ல ஓ.பி.யில் கிடைக்கிற ஐந்து நிமிடம் போதாது. இன்றைக்கு நேரம் இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவின் கதை வழியாக அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன். அதன் பெயர் டி.ஆர்.டி.2. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்றை உண்டாக்குவதற்கான குறிப்பு அதில் இருக்கிறது. நம் 11ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை மரபியலில் தொடங்கவில்லை. மாத்திரையில் தொடங்கியது.

1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலான்க் நிறுவனத்தில் பால் ஷார்பான்டியே என்ற வேதியியலர் ஒரு பொருளைத் தயாரித்தார். பிற்பாடு அதற்குக் குளோர்புரோமசின் என்று பெயர் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளை அமைதிப்படுத்த ஹென்றி லபோரி என்ற ராணுவ மருத்துவர் அதைப் பயன்படுத்தினார். மயக்கமடையாமலே நோயாளிகள் ஒருவித அக்கறையற்ற அமைதிக்குப் போவதை அவர் கவனித்தார். 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டெலேயும் பியர் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் குரல்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களோடு பேச ஆரம்பித்தார்கள். ஏன் அப்படி ஆனது என்பது கொடுத்தவர்களுக்கே தெரியாது.

இதற்கு 21 ஆண்டுகள் முன்பே, 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்துக் கட்டுரையே எழுதியிருந்தார்கள். உலகம் கவனிக்கவில்லை. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்த பிறகு, 1954இல் நியூயார்க்கில் நேத்தன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதுதான் கவனம் திரும்பியது. ஆகவே, மனநோய்க்கு மாத்திரை என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் இந்த 1931ஐ நினைவுபடுத்துங்கள்.

சர்ப்பகந்தியின் இந்தச் சாறுதான் டோபமைனின் வேலையைக் கண்டுபிடிக்கவும் உதவியது. 1957இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். முயல்கள் காது தொங்க அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்தார். சில நிமிடங்களில் அவை எழுந்து ஓடின. எல்-டோபா உடலுக்குள் போனால் டோபமைனாக மாறும். அதுவரை வேறொரு பொருளுக்கான இடைநிலைச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த டோபமைன், தானே மூளையில் செய்தி கடத்துகிறது என்று தெரிந்தது. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. 1963இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் அடுத்த படியைத் தாண்டினார்கள். குளோர்புரோமசின் மாதிரி மருந்துகள் டோபமைனைக் குறைப்பதில்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியைத்தான் மறிக்கின்றன என்று அவர்கள் ஊகித்தார்கள். கார்ல்சனுக்கு நோபல் பரிசு 2000இல் வந்தது. முயல்கள் எழுந்து ஓடி 43 ஆண்டுகள் கழித்து.

ஊகத்துக்கு ஆதாரம் கொடுத்தவர்கள் இருவர். டொரான்டோவில் பிலிப் சீமன் 1975இல், பால்டிமோரில் சாலமன் ஸ்னைடர் குழுவினர் 1976இல். ஹாலோபெரிடால் என்ற மருந்து சில மில்லிகிராமிலேயே வேலை செய்யும். குளோர்புரோமசின் சில நூறு மில்லிகிராம் வேண்டும். இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு டோஸ் உண்டு. அந்த மருந்து டோபமைன் ஏற்பியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று சோதனைக்குழாயில் அளந்தார்கள். இறுக்கமாக ஒட்டும் மருந்துக்குக் குறைந்த டோஸ் போதும், தளர்வாக ஒட்டும் மருந்துக்கு அதிக டோஸ் தேவை. எல்லா மருந்துகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்து விழுந்தன. மனநல மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான வரைபடம் அபூர்வம். இந்த ஏற்பிக்குத்தான் பின்னால் டி2 என்று பெயரிட்டார்கள். நம் டி.ஆர்.டி.2 உண்டாக்குவது இதைத்தான்.

கூடவே இன்னொரு பக்கமும் சாட்சி சொன்னது. டோபமைனைப் பெருக்கெடுக்க வைக்கும் ஆம்ஃபெடமினை அதிகமாக உட்கொண்டவர்களுக்குச் சந்தேகமும் குரல் கேட்பதும் வந்தன. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு எல்-டோபா அதிகமானபோது இல்லாத உருவங்கள் தெரிந்தன. டோபமைனை ஏற்றினால் அறிகுறி வருகிறது. அதன் ஏற்பியை மறித்தால் அறிகுறி அடங்குகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? டி2 ஏற்பியில்தான் கோளாறு; அந்த ஏற்பியின் மரபணுவில்தான் பிழை இருக்க வேண்டும். அன்றைய ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் இப்படித்தான் யோசித்தார்கள். அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் நானும் அப்படித்தான் யோசித்திருப்போம்.

ஆனால் அதில் ஒரு தாவல் இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வரும்போது வயலின் மடையை அடைத்தால் பயிர் பிழைக்கும். மடையை அடைத்துப் பயிர் பிழைத்தது என்பதால் மடையில் ஓட்டை இருந்தது என்று சொல்ல முடியுமா? மழை எங்கோ மேலே மலையில் பெய்தது. மருந்து வேலை செய்யும் இடமும் நோய் தொடங்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது தெளிவாகக் கால் நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கால் நூற்றாண்டைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

1988இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒலிவியே சிவெல்லியின் குழு எலியின் டி2 ஏற்பி மரபணுவை நகலெடுத்து அதன் எழுத்துவரிசையைப் படித்தது. மனித மரபணு அடுத்த ஆண்டு. 1990, 1991இல் மற்றவையும் வரிசையாக வந்தன. டோபமைன் ஏற்பிகள் ஐந்து, அவற்றுக்கு ஐந்து மரபணுக்கள். டி1 5ஆம் குரோமோசோமில், டி3 3இல், டி5 4இல். டி2, டி4 இரண்டும் 11ஆம் குரோமோசோமில், ஆனால் எதிரெதிர்க் கரங்களில். விலாசம் தெரிந்துவிட்டது. இனி நோயாளிகளிடமும் நோயில்லாதவர்களிடமும் ரத்தம் எடுத்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டால் போதும் என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

முதலில் டி3. 1992இல் பிரான்சிலும் வேல்ஸிலும் எடுத்த மாதிரிகளில், அந்தப் புரதத்தின் ஒன்பதாவது இடத்தில் வரும் ஒரு மாற்றம் நோயோடு தொடர்புள்ளது என்று செய்தி வந்தது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, பல இல்லை என்றன. ஆட்கள் எண்ணிக்கை கூடக் கூடத் தொடர்பு கரைந்துபோனது. 1994இல் ஜப்பானில் டி2 மரபணுவிலேயே, 311ஆவது இடத்தில், ஒரு மாற்றம் நோயாளிகளிடம் அதிகம் என்று லான்செட் இதழில் வந்தது. அதுவும் எல்லா ஊரிலும் எடுபடவில்லை. டி2 மரபணுவின் அடையாளம் என்று சொல்லி, குடிப்பழக்கத்திலிருந்து மனச்சிதைவு வரை எல்லாவற்றோடும் ஒட்டவைக்கப்பட்ட டாக்1ஏ என்ற மாற்றத்தின் கதை இன்னும் சுவாரசியம். அது டி2 மரபணுவுக்குள்ளேயே இல்லை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மரபணுவில் இருக்கிறது என்று 2004இல் தெரிந்தது. அதற்குள் அதைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அச்சாகிவிட்டன.

டி4தான் இவற்றில் பெரிய நாடகம். குளோசபின் என்று ஒரு மருந்து இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு அது கேட்கும். 1988இல் ஜான் கேன் குழுவினர் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பழைய மருந்துகளுக்கு அசையாத நோயாளிகளில் 30 விழுக்காட்டினர் குளோசபினில் தேறினார்கள். ஒப்பீட்டுக்குக் குளோர்புரோமசின் பெற்றவர்களில் தேறியவர்கள் 4 விழுக்காடு. டி2வோடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டாத மருந்து இது. பின் எப்படி இப்படி வேலை செய்கிறது? 1991இல் டி4 கிடைத்தபோது, குளோசபின் அதோடு டி2வை விட வலுவாக ஒட்டுவது தெரிந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி: டி4 மரபணுவில் 48 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது, அது சிலரிடம் இரண்டு முறையும் சிலரிடம் பத்து முறை வரையும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுபடும் ஏற்பி! 1993இல், இறந்த நோயாளிகளின் மூளையில் டி4 ஆறு மடங்கு என்று நேச்சர் இதழில் வந்தது. விடை கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள்.

ஒரு மருந்து நிறுவனம் டி4ஐ மட்டும் மறிக்கும் ஒரு மாத்திரையைச் செய்தது. 1997இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரையை விட அது மேலாக எதையும் செய்யவில்லை. ஆறு மடங்கு என்ற அளவும் மற்றவர்கள் அளந்தபோது நிற்கவில்லை. டி4இன் அந்த மாறும் துண்டுக்கும் மனச்சிதைவுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் மிஞ்சவில்லை.

இவ்வளவு பேர், இவ்வளவு கெட்டிக்காரர்கள், ஏன் இப்படிச் சறுக்கினார்கள்? பெரிய மர்மம் இல்லை. நூறு, இருநூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு மிகமிகச் சிறிய வித்தியாசத்தைத் தேடினார்கள். அவ்வளவு சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே வித்தியாசம் தோன்றும். தோன்றினால் கட்டுரை அச்சாகும், தோன்றாவிட்டால் அலமாரியில் கிடக்கும். மொத்தக் கூட்டத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஆண்களை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு இளவயதில் நோய் வந்தவர்களை மட்டும். எங்காவது ஒன்று சிக்கத்தானே செய்யும்? நோயாளிகளையும் ஒப்பீட்டு ஆட்களையும் வெவ்வேறு சமூகங்களிலிருந்து எடுத்திருந்தால், நோயின் வித்தியாசம் என்று நினைப்பது சமூக வித்தியாசமாக இருக்கும்.

எச்சரிக்கை முன்பே இருந்தது என்பதுதான் இதில் வருத்தம். 1967இல், எந்த மரபணுவையும் படிக்க முடியாத காலத்தில், இர்விங் காட்டெஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் லண்டனில் இரட்டையர்களை ஆராய்ந்து எழுதியிருந்தார்கள்: இந்த நோய்க்கு ஒரு மரபணு காரணம் இல்லை, பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு சேர்ந்துதான் ஆபத்து உண்டாகிறது. 2008இல் பாப்லோ கெய்மன் தலைமையிலான குழு, அதுவரை பேர்பெற்றிருந்த 14 மரபணுக்களை எடுத்து, சுமார் 1,900 நோயாளிகளையும் 2,000 பேர் கொண்ட ஒப்பீட்டுக் கூட்டத்தையும் வைத்துச் சலித்தது. டி.ஆர்.டி.2வும் அந்தப் பதினான்கில் உண்டு. ஒன்றும் தேறவில்லை. டோபமைன் மரபணு என்ற கதை அத்தோடு முடிந்தது என்று எழுதியவர்களும் உண்டு.

முடியவில்லை. அதற்குள் ஆராய்ச்சி செய்யும் முறையே மாறிவிட்டது. ஒரு மரபணுவை முன்கூட்டியே சந்தேகித்துத் தேடுவதை விட்டுவிட்டு, மொத்த மரபுத்தொகுதியிலும் லட்சக்கணக்கான இடங்களை ஒரே மூச்சில் ஒப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு குழுவும் தன் மாதிரிகளைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் பல நாட்டுக் குழுக்கள் ஒன்றாகக் கொட்டின. என் கணக்கில், மனநல ஆராய்ச்சியில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த மிக நல்ல காரியம் இந்தக் கூட்டு வேலைதான். 2014 ஜூலையில் நேச்சர் இதழில் அதன் முடிவு வந்தது. 36,989 நோயாளிகள், ஒப்பீட்டுக்கு 1,13,075 பேர். மரபுத்தொகுதியில் 108 இடங்கள் நோயோடு தொடர்புள்ளவை என்று உறுதியானது. அந்த 108இல் ஒன்று டி.ஆர்.டி.2. மற்ற நான்கு டோபமைன் ஏற்பிகளின் மரபணுக்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, 1970களின் ஊகம் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் எவ்வளவு சரி என்று பாருங்கள். பொதுவாக 10,000 பேரில் ஏறத்தாழ 100 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். டி.ஆர்.டி.2 அருகில் அந்த ஆய்வு சுட்டிய ஓர் எழுத்துக்கு ஆபத்து வடிவம் ஒன்று உண்டு; அதில் ஒரு பிரதி இருந்தால் அந்த 100 சுமார் 108 ஆகும். அவ்வளவுதான். இன்னொன்று: அந்த ஆபத்து வடிவம் ஏதோ அபூர்வமான பிழை கிடையாது. ஐரோப்பியர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதே அதுதான். அதைச் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த எழுத்து மரபணுவின் உள்ளேகூட இல்லை, சற்று வெளியே இருக்கிறது. அது மாறினாலும் ஏற்பிப் புரதத்தின் வடிவம் மாறாது. எப்போது, எங்கே, எவ்வளவு தயாரிப்பது என்பதைத்தான் அது தொடுகிறது என்று கருத இடமுண்டு.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டி2 மரபணுவிலிருந்து இரண்டு விதப் புரதங்கள் வரும். நீண்டதில் 443 அமினோ அமிலங்கள். குட்டையானதில் 29 குறைவு. நீண்டது பெரும்பாலும் செய்தியைப் பெறும் நரம்பணுவில் இருக்கும். குட்டையானது செய்தியை அனுப்பும் நரம்பணுவிலேயே அதிகம். 'போதும், இனி டோபமைனை விடாதே' என்று அனுப்புகிறவருக்கே சொல்லும் வேலை அதற்கு. 2022இல், இறந்தபின் தானமாகப் பெறப்பட்ட 443 பேரின் மூளையில் காடேட் என்ற பகுதியை ஆராய்ந்தார்கள் (எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்). ஆபத்து வடிவத்தோடு சேர்ந்து வருவது அந்தக் குட்டைப் புரதத்தின் குறைவு என்பதை அது சுட்டியது. கட்டுப்படுத்துவது குறைந்தால் டோபமைன் கூடுதலாகக் கசியும்.

உயிரோடிருக்கும் நோயாளிகளின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தவர்கள் முன்பே சொன்னதோடு இது பொருந்துகிறது. நோயாளிகளிடம் டி2 ஏற்பிகளின் எண்ணிக்கை தாறுமாறாகக் கூடியிருக்கும் என்று 1980களில் எதிர்பார்த்தார்கள். ஒரு குழு கூடியிருக்கிறது என்றது. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஃபார்டே வித்தியாசமே இல்லை என்றார். இன்று தெரிவது, ஏற்பியில் பெரிய மாற்றம் இல்லை. டோபமைனைத் தயாரித்து வெளியே விடுவதில்தான் மிகை. மழை மேலேதான் பெய்கிறது. ஆலிவர் ஹோவ்ஸும் ஷிதிஜ் கபூரும் 2009இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: பல மரபணுக்களும் பல சூழல் காரணங்களும் வெவ்வேறு வழிகளில் வந்து கடைசியில் டோபமைன் மிகை என்ற ஒரே பாதையில் சேர்கின்றன.

மேலே பெய்யும் மழை எது? 2022இல் 76,755 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் இடங்களின் எண்ணிக்கை 287 ஆனது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளை அமைக்கும் மரபணுக்கள், குளூட்டமேட் ஏற்பியின் மரபணுக்கள், கால்சியம் வாயில்களின் மரபணுக்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சி4 என்ற மரபணுகூட உண்டு. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு மிக அபூர்வமான, ஆனால் விளைவு பெரிதான பிழைகள் பத்து மரபணுக்களில் இருப்பதைக் காட்டியது. அவற்றில் ஒன்றுகூட டோபமைன் ஏற்பி இல்லை. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவோ அதைப் போன்ற நோயோ வருகிறது. அதுதான் இதுவரை தெரிந்த பெரிய தனி ஆபத்துகளில் ஒன்று. ஆனால் நோயாளிகளில் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் அந்தக் குறை இருக்கிறது.

சரி, பின்வரிசையின் கேள்விக்கு வருவோம். பரம்பரையா?

இந்த நோயின் மரபுப் பங்கு சுமார் 80 விழுக்காடு என்று புத்தகங்களில் படிப்பீர்கள். அதைப் படித்துவிட்டு, நோயாளியின் பிள்ளைக்கு நோய் வர 80 விழுக்காடு வாய்ப்பு என்று நினைத்துப் பயந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு அது பொருளே இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஆபத்து வேறுபாட்டில் எவ்வளவு மரபால் விளைகிறது என்பதை அது சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டென்மார்க்கில் 2018இல் இரட்டையர் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில் மரபுப் பங்கு 79 விழுக்காடு என்று வந்தது. அதே ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வந்தது 33 விழுக்காட்டில்தான். மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் மூவரில் இருவருக்கு வரவில்லை. கூடப்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு, காட்டெஸ்மன் தொகுத்த பழைய கணக்கின்படி, 9 விழுக்காடு. அந்தத் தங்கைக்கு நோய் வராமலிருக்க 91 விழுக்காடு வாய்ப்பு. நோய் தலைகாட்டும் வயதை அவர் நலமாகக் கடந்துவிட்டிருந்தால் இன்னும் அதிகம். நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ யாருக்கும் இந்த நோய் இருப்பதில்லை.

மரபணு தவிர்த்த காரணங்களும் உண்டு. 1959 முதல் 1961 வரை சீனாவில் நிலவிய பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களிடம் பிற்பாடு இந்த நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இளவயதில் கஞ்சா ஆபத்தைக் கூட்டுகிறது. இதை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மரபணுவை மாற்ற முடியாது, கஞ்சாவைத் தவிர்க்க முடியும். குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்றால் பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இதற்கெல்லாம் காசு கட்டி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று இப்போது கேட்கிறார்கள். வேண்டாம். டி.ஆர்.டி.2வைப் பரிசோதித்து ஒருவருக்கு நோய் வருமா என்று சொல்ல முடியாது. 287 இடங்களையும் கூட்டிப் போட்டாலும் தனி ஒருவரின் தலைவிதியைச் சொல்ல முடியாது. வரன் பார்க்கும்போது அப்படி ஒரு அறிக்கையை யாராவது கேட்டால், கேட்கிறவருக்கு மரபியல் தெரியவில்லை என்று அர்த்தம். பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு மாதிரியான அடையாளங்கள் கூடவே இருந்தால் 22ஆம் குரோமோசோம் பரிசோதனையை மருத்துவரே எழுதித் தருவார். அது வேறு.

பழி போடுவதற்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன், பிள்ளையை இப்படி ஆக்குவது தாயின் வளர்ப்பு என்ற கருத்துக்கு ஒரு பெயரே சூட்டினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. மரபைச் சொன்னவர்கள் கையில் அது இன்னும் பயங்கரமானது. 1933 ஜூலை 14 அன்று ஜெர்மனியில் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நோய்ப்பட்டியலில் ஸ்கிசோஃப்ரினியா வெளிப்படையாக இருந்தது. மியூனிக்கில் இந்த நோயின் மரபை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ரூடின் அந்தச் சட்டத்துக்கு உரை எழுதியவர்களில் ஒருவர். ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அதோடு நிற்காமல் பின்னர் மனநோயாளிகளைக் கொன்றார்கள். அத்தனை பேரையும் அழித்தபின்னும் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இந்த நோய் தொடர்ந்து தோன்றியது. நூற்றுக்கணக்கான மரபணுக்களில் எல்லோரிடமும் சிதறிக் கிடக்கும் ஒன்றை எந்த வெறியாலும் துடைக்க முடியாது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மருந்து. டி2 ஏற்பியின் பங்கு நோயின் தொடக்கத்தில் சிறியது என்றேன். சிகிச்சையில் அப்படி அல்ல, அங்கே அதுதான் மையம். அந்த ஏற்பிகளில் 65 விழுக்காடு மறிக்கப்பட்டால் மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது. 80 விழுக்காட்டைத் தொட்டால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன. இந்த இடைவெளிக்குள் டோஸை நிறுத்துவதுதான் மருத்துவரின் வேலை. சீக்கிரம் குணமாகட்டும் என்று மாத்திரையைக் கூட்டிக் கேட்பதில் லாபமில்லை. "மரபணுவிலேயே இருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்?" என்று சொல்லி நிறுத்துவது அதைவிட ஆபத்து. மழையை நிறுத்த முடியாவிட்டாலும் மடையை அடைக்க முடிகிறது. பயிர் பிழைக்கிறது.

எல்லோருக்கும் பிழைக்கிறதா என்றால் இல்லை. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதுமான பலன் தருவதில்லை. குரல்கள் அடங்கினாலும் ஊக்கமின்மை, பேச்சுக் குறைவு, நினைவாற்றல் தளர்ச்சி ஆகியவை தங்கிவிடுவதும் உண்டு. டி2வை மறிக்கும் மருந்து அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமலின்-டிராஸ்பியம் என்ற மருந்து இந்த வகையில் புதுமை. 1952க்குப் பின் வந்த மருந்துகள் ஏறத்தாழ அனைத்தும் டி2 ஏற்பியில் கைவைத்தவை. இது அதைத் தொடாமல், மஸ்கரினிக் என்ற வேறு ஏற்பிகள் வழியாக டோபமைன் வெளிப்பாட்டை மேலேயே தணிக்கிறது. எவ்வளவு தூரம் போகும் என்று இன்னும் சில ஆண்டுகளில் தெரியும்.

கடைசியாக நம் ஊர் விஷயம். நான் இதுவரை சொன்ன பெரிய எண்களுக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் கண்ட இடங்கள் நம்மிடமும் அதே அளவில் செயல்படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் அதன் ஆர். தாராவும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பிரையன் மவ்ரியின் குழுவோடு சேர்ந்து பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். 2009இல் 1ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி நோயோடு தொடர்புள்ளது என்று இந்தக் குடும்பங்களிலிருந்தே தெரியவந்தது. 2019இல் 3,092 பேரின் மொத்த மரபுத்தொகுதியை ஒப்பிட்டு, 8ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டார்கள். அது நியாசின் என்ற பி3 வைட்டமினை உடல் கையாளும் ஒரு மரபணுவைச் சுட்டியது. நியாசின் பற்றாக்குறையால் வரும் பெல்லக்ரா நோயில் மனக்குழப்பம் வருவது நெடுநாளாகத் தெரிந்ததுதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் வைட்டமின் மாத்திரை வாங்காதீர்கள். மரபணுத் தடயம் வேறு, சிகிச்சை வேறு. இவ்வளவு நேரம் நான் சொன்னதே அதுதான்.

3,092 பேர் என்பது நம் அளவில் பெரிய உழைப்பு. ஆனால் டி.ஆர்.டி.2 மாதிரி 100ஐ 108 ஆக்கும் சிறு விளைவைப் பார்க்க அது போதாது, பத்தாயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் ஆராய்ச்சிக்காக ரத்த மாதிரி கேட்டு வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். மாதிரி எங்கே போகிறது, பெயர் மறைக்கப்படுமா, பின்னால் வேண்டாம் என்றால் விலகலாமா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கொடுங்கள். கூடவே, நோயில்லாத அண்ணன் தங்கையும் கொடுக்க முன்வாருங்கள். ஒப்பிடுவதற்கு அவர்கள்தான் கிடைப்பதே இல்லை.